ஆக்சைடுகளில் ஆக்சிஜன் அளவும் குறைபாடுகளும்: நிறமாலை ஆய்வின் வரலாறு

ஓர் ஆக்சைடில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் குறைகிறது அல்லது மிகுகிறது, அதனால் சுற்றியுள்ள அணுக்களுக்கு என்ன ஆகிறது என்பவற்றை ஒளி, எக்ஸ் கதிர், நுண்ணலை, எலக்ட்ரான் கற்றை ஆகியவற்றின் துணையால் கண்டறியும் ஆய்வுத்துறை. திண்மநிலை வேதியியலும் இயற்பியலும் கைகோத்து வளர்த்த துறை இது. மீக்கடத்திகள், வாகனப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிகள், அணு எரிபொருள், சிலிக்கான் சில்லுகள், கதிர்வீச்சு அளவிகள் ஆகிய அனைத்தின் தரக்கட்டுப்பாட்டிலும் இதன் பங்கு உண்டு.

துறையின் அடிப்படைச் சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படிகத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடம் காலியாகிவிட்டால், அந்தக் காலியிடத்துக்கு நிறை கிடையாது, அணுக்கரு கிடையாது. அது தானாக அதிர்வதும் இல்லை. அதில் வந்து சிக்கிய எலக்ட்ரான், பக்கத்தில் உள்ள உலோக அயனி, இடம் நகர்ந்த இன்னொரு ஆக்சிஜன் ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் கருவிக்குத் தகவல் தருகிறது. எனவே நிறமாலையில் புதிதாக ஒரு கோடு தோன்றினால், அது எந்த அணுவிடமிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அதைக் காலியிடத்தின் அடையாளம் என்று சொல்ல முடியாது. கீழே வரும் வரலாற்றின் பெரும்பகுதி அந்த விடையைத் தேடிய கதையே.

விகிதம் பிசகிய சேர்மங்கள்

ஒரு சேர்மத்தில் தனிமங்கள் மாறாத விகிதத்தில்தான் கூடும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதிட்டார். விகிதம் மாறவும் கூடும் என்றார் அவர் நாட்டவரான குளோட் பெர்தொலே. வாதத்தில் புரூஸ்ட் வென்றார். டால்டனின் அணுக்கொள்கை அந்த வெற்றியை உறுதிசெய்தது. நூறாண்டு கழித்து, ரஷ்ய வேதியியலாளர் நிக்கொலாய் குர்னக்கோவ், விகிதம் மாறும் சேர்மங்களும் உண்டு என்று காட்டி அவற்றுக்கு பெர்தொலைடு என்று பெயரிட்டார். தோற்றவருக்குக் கிடைத்த நியாயம் அது.

விகிதம் ஏன் மாறுகிறது என்பதற்குக் கொள்கை விளக்கம் 1930-இல் வந்தது. எந்தப் படிகத்திலும், தனிச்சுழியத்துக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும், சில அணுக்கள் இடம் விட்டு விலகியே இருக்கும் என்பதை கார்ல் வாக்னரும் வால்டர் ஷாட்கியும் வெப்ப இயக்கவியல் வழியே நிறுவினர். மூன்றாண்டு கழித்து எரிக் ஜெட்டும் ஃபிராங்க் ஃபூட்டும் இரும்பு மோனாக்சைடை ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர் தந்த அணு இடைவெளியையும் நேரில் அளந்த அடர்த்தியையும் ஒப்பிட்டபோது, அந்த ஆக்சைடில் ஆக்சிஜன் மிகுந்திருக்கவில்லை, இரும்புதான் குறைந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. ‘ஆக்சிஜன் கூடுதல்’ என்று வேதிப் பகுப்பாய்வு சொல்வதும் ‘இரும்பு காலி’ என்று படிகம் சொல்வதும் ஒரே எண்ணின் இரண்டு பொருள்கள். தராசு அளவைத் தரும், இடத்தைச் சொல்லாது. இடத்தைச் சொல்ல வேறு கருவி தேவைப்பட்டது.

நிறம் தந்த தடயம்

அந்தக் கருவிகளில் மிகப் பழையது கண். 1940-களின் இறுதியில் வைரத்துக்கு மாற்றாகச் செயற்கை ரூட்டைல் எனப்படும் டைட்டானியம் டைஆக்சைடு படிகங்கள் சுடர் உலையில் வளர்க்கப்பட்டன. உலையிலிருந்து வெளிவந்த கட்டி கரியைப் போலக் கறுத்திருந்தது. அதை ஆக்சிஜனில் மீண்டும் சூடாக்கினால் கருமை நீலமாகி, நீலம் வெளுத்து, இறுதியில் இளமஞ்சள் ஒளிக்கல் கிடைத்தது. இத்தனை மாற்றத்துக்கும் காரணம் மிகச் சிறிய அளவு ஆக்சிஜன். ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் வெளியேறும்போது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச்செல்கிறது. அவை டைட்டானியத்தை நான்கு இணைதிறனிலிருந்து மூன்றுக்கு இறக்கி, சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை விழுங்குகின்றன.

நிறத்தை அறிவியலாக்கியவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பணியாற்றிய ராபர்ட் போல். அவர் ஆராய்ந்தது ஆக்சைடுகளை அல்ல, உப்புப் படிகங்களை. எதிரயனி இல்லாத இடத்தில் எலக்ட்ரான் ஒன்று குடியேறினால் படிகம் நிறம் பெறும். அந்த இடத்துக்கு ஜெர்மன் மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு எஃப் மையம் என்ற பெயர் நிலைத்தது. இதே கருத்து மெக்னீசியம் ஆக்சைடுக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. உப்பில் காலியிடம் ஓர் எலக்ட்ரானை ஏற்றாலே மின்னூட்டம் சமமாகிவிடும். ஆக்சைடில் இரண்டு தேவை. ஆகவே ஓர் எலக்ட்ரான் மட்டும் உள்ள மையம், இரண்டும் உள்ள மையம் என இருவகை உண்டு. மெக்னீசியம் ஆக்சைடில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 5 எலக்ட்ரான் வோல்ட் அருகே, புறஊதா ஒளியை உட்கவர்கின்றன. இரு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்ததால் பல்லாண்டுகள் ஒன்றாகவே எண்ணப்பட்டன. 1970-இல் காப்பர்ஸ், குரோஸ், ஹென்ஸ்லி மூவரும் அவற்றைப் பிரித்துக் காட்டினர்.

அலுமினியம் ஆக்சைடில் இந்தப் படிப்பு நேரடிப் பயன் தந்தது. கார்பன் சூழலில் வளர்க்கப்பட்டு ஆக்சிஜன் குறைந்த அலுமினியம் ஆக்சைடு படிகம், கதிர்வீச்சு பட்டபின் ஒளியூட்டினாலோ சூடாக்கினாலோ 420 நானோமீட்டர் அருகே நீல ஒளி வீசும். ஒளியின் அளவு, பட்ட கதிர்வீச்சின் அளவைச் சொல்லும். மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பிரிவுகளில் பணியாளர்கள் சட்டையில் அணியும் அளவிகள் சிலவற்றுக்குள் இருப்பது இந்தப் படிகமே. வேண்டுமென்றே குறைபாட்டோடு செய்யப்பட்ட பொருள் அது.

தனித்த எலக்ட்ரானின் சாட்சியம்

ஒளி உட்கவர்தல் பட்டை அகலமானது. எந்த அணு என்று பெயர் சொல்லாது. பெயர் சொல்லும் முறை, 1944-இல் கசானில் யெவ்கேனி சவோய்ஸ்கி கண்டறிந்த எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு. காந்தப் புலத்தில் வைத்த பொருளின் ஜோடி சேராத எலக்ட்ரான், குறிப்பிட்ட நுண்ணலையை மட்டும் உட்கவரும். அந்த எலக்ட்ரான் தொடும் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இருந்தால், கோடு பல கிளைகளாகப் பிரியும். கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து அண்டை அணு எது என்று படித்துவிடலாம்.

1957-இல் ஜான் வெர்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் நியூட்ரான் பட்ட மெக்னீசியம் ஆக்சைடில் செய்தது இதைத்தான். இயற்கை மெக்னீசியத்தில் பத்தில் ஒரு பங்கு நிறை எண் 25 கொண்ட ஐசோடோப்பு. அதற்கு மட்டுமே கருச் சுழற்சி உண்டு, அளவு இரண்டரை. அத்தகைய அணு பக்கத்தில் இருந்தால் கோடு ஆறாகப் பிரிய வேண்டும். நடுவில் ஒரு பெரிய கோடும் அதைச் சுற்றிச் சிறு கோடுகள் ஆறும் தெரிந்தன. சிறு கோடுகளின் உயரம் அந்த ஐசோடோப்பின் பங்கோடு பொருந்தியது. எலக்ட்ரான் உட்கார்ந்திருப்பது ஆறு மெக்னீசியங்களுக்கு நடுவே, ஆக்சிஜன் இருந்திருக்கவேண்டிய இடத்தில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எதிர்பார்க்க முடியாது. இத்துறை இதுவரை தந்த மிக அழகான சான்றுகளுள் இதை முதலில் வைக்கத் தோன்றுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ராபர்ட் வீக்ஸ் கதிர்வீச்சு பட்ட குவார்ட்ஸில் ஒரு கோட்டைக் கண்டிருந்தார். ஈ-பிரைம் மையம் என்று அது அறியப்படுகிறது. அதன் வடிவம் பல ஆண்டுகள் புரியவில்லை. ஆக்சிஜன் வெளியேறினால் இரண்டு சிலிக்கான்கள் எதிரெதிரே நிற்க வேண்டும். எலக்ட்ரான் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆனால் நிறமாலையோ எலக்ட்ரான் ஒரே சிலிக்கானோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. 1974-இல் ஃபைகிள், ஃபௌலர், யிப் மூவரும் விடை கூறினர்: நேர்மின்னூட்டம் பெற்ற காலியிடத்தில் ஒரு சிலிக்கான் பின்வாங்கிவிடுகிறது, எலக்ட்ரான் மற்றதிடம் தங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்து லெனஹனும் டிரெசன்டார்ஃபரும், கதிர்வீச்சு பட்ட டிரான்சிஸ்டர்களின் மெல்லிய ஆக்சைடு அடுக்கில் சிக்கும் நேர்மின்னூட்டத்துக்கு இதே மையம் காரணம் என்று காட்டினர். விண்கலங்களில் செல்லும் மின்னணுச் சில்லுகளைப் பாதுகாக்கும் வேலைக்கு இது அடித்தளமாயிற்று.

இந்த முறைக்குப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிட்டால் அது எதையும் காணாது. இரண்டு எலக்ட்ரான் உள்ள மையமும் எலக்ட்ரானே இல்லாத மையமும் அதன் கண்ணுக்குத் தெரியா. கோடு இல்லை என்பதால் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது.

1987: கறுப்புத் தூளும் ராமன் கோடும்

ஆக்சிஜன் அளவு உலகின் எல்லா இயற்பியல் ஆய்வகங்களின் கவலையாகவும் மாறிய ஆண்டு 1987. முந்தைய ஆண்டு சூரிக்கில் பெட்நோர்ஸும் முல்லரும் காப்பர் ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்டிருந்தனர். 1987 தொடக்கத்தில் பால் சூவும் எம். கே. வூவும் தம் குழுக்களோடு இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 93 கெல்வினிலேயே மின்தடையை இழப்பதை அறிவித்தனர். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். அதற்கு மேலே மீக்கடத்தல் கிடைத்தது அதுவே முதல் முறை.

இந்தச் சேர்மத்தில் காப்பரும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு தளங்கள் உண்டு. அவற்றுக்கு வெளியே காப்பர் ஆக்சிஜன் சங்கிலிகள் உண்டு. தளத்தையும் சங்கிலியையும் இணைப்பது உச்சி ஆக்சிஜன் என்று அழைக்கப்படும் அணு. ஒரு மூலக்கூற்று அலகில் ஆக்சிஜனின் எண்ணிக்கை 6-இலிருந்து 7 வரை எந்த மதிப்பையும் ஏற்கும். கூடுவதும் குறைவதும் சங்கிலியில்தான். 7-ஐ நெருங்கினால் 90 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தி. 6.6 அளவில் 60 கெல்வின். 6.3-க்குக் கீழே மீக்கடத்தலே இல்லாத எதிர்ஃபெரோகாந்த மின்காப்பி. சுமார் 950 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கும்போது அது ஆக்சிஜன் குறைந்தே இருக்கும். ஆக்சிஜன் ஓடும் குழாயில் 400, 500 டிகிரி வழியே மெல்லக் குளிர்வித்தால்தான் சங்கிலி நிரம்பும். அவசரப்பட்டு வெளியே எடுத்த மாதிரி, அதே வாய்பாட்டில் தயாரிக்கப்பட்டிருந்தும், மீக்கடத்தியாவதில்லை.

ஆக்சிஜனை எண்ண அப்போது கையில் இருந்தவை இரண்டு: சூடாக்கி எடைக்குறைவை அளக்கும் வெப்பத் தராசு, அயோடின் தரம்பார்த்தல். இரண்டாவதில் தூளை அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடிலிருந்து காப்பர் விடுவிக்கும் அயோடினைத் தயோசல்ஃபேட்டால் அளப்பார்கள். துல்லியம் நல்லது, ஆனால் மாதிரி போய்விடும். கிடைப்பதும் மொத்தத் தூளின் சராசரி. ஒரு மணியில் எவ்வளவு, மெல்லிய படலத்தின் ஓரத்தில் எவ்வளவு என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

விடை தந்தது, அணுக்களின் அதிர்வால் ஒளியின் நிறம் மாறிச் சிதறும் ராமன் சிதறல். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அதைக் கண்டறிந்த சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். அவரோடு உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். அவர்கள் ஆராய்ந்தவை தெளிந்த திரவங்கள். ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் கறுப்பு ஆக்சைடில் இந்த விளைவைக் காண லேசர் வரவேண்டியிருந்தது.

அதிலும் தொடக்கம் குழப்பமாகவே இருந்தது. ஆய்வகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வெளியிட்ட நிறமாலைகள் ஒத்துப்போகவில்லை. சில வலுவான கோடுகள் மீக்கடத்தியிடமிருந்தே வரவில்லை. தயாரிப்பில் கலந்துபோன பச்சை நிறச் சேர்மம், பேரியம் காப்பர் ஆக்சைடு போன்ற மாசுகளிலிருந்து வந்தன. மாசின் அளவு சிறிதாக இருந்தாலும் அதன் சிதறல் பெரிது. ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மானுவேல் கார்டோனாவின் குழு உள்ளிட்ட பலர் ஒற்றைப் படிகங்களை எடுத்து, ஒளியின் முனைவாக்கத் திசையை மாற்றி மாற்றிப் பார்த்து, சமச்சீர் விதிகளோடு பொருத்திய பிறகே ஐந்து முதன்மைக் கோடுகள் உறுதியாயின. அலைஎண் 115 அருகே பேரியம், 150 அருகே தளக் காப்பர், 340, 440 அருகே தள ஆக்சிஜன்கள், 500 அருகே உச்சி ஆக்சிஜன். ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையே இந்த எண்கள்.

ஆக்சிஜன் அளவைச் சொல்வது கடைசிக் கோடு. எண்ணிக்கை 6 ஆக இருக்கும்போது அது 475 அருகே நிற்கிறது; 7 ஆகும்போது 500-ஐச் சற்றே தாண்டுகிறது. இடையில் ஏறத்தாழ நேர்கோடு. வெளியேறும் அணு சங்கிலியில் இருக்க, தகவல் சொல்வது உச்சியில் உள்ள அண்டை அணு. ஆக்சிஜன் 0.1 குறைந்தால் கோடு இரண்டரை அலகு நகரும். நல்ல கருவி ஓர் அலகைப் பிரித்தறியும் என்பதால் 0.04 வரை சொல்லலாம் என்பது கணக்கு. நடைமுறையில் அவ்வளவு நம்ப முடியாது. படலம் தன் அடித்தளத்தால் இழுபட்டிருந்தாலும் கோடு நகரும். லேசர் சூடேற்றினாலும் நகரும். சூடு மிகுந்தால் அளக்கப்போன இடத்திலிருந்தே ஆக்சிஜன் வெளியேறிவிடும். ஆகவே லேசரின் திறனைச் சில மில்லிவாட்டுக்குள் அடக்கி, திறனைக் கூட்டியும் குறைத்தும் கோடு நிலையாக நிற்கிறதா என்று சோதிப்பது இந்தத் துறையில் எழுதப்படாத விதி.

இவற்றோடு, சமச்சீர் விதிப்படி இருக்கவே கூடாத கோடுகள் 230, 580 அருகே தோன்றுகின்றன. முழுச் சங்கிலியில் அவை தடுக்கப்பட்டவை. சங்கிலி நடுவில் அறுந்தால் தடை நீங்கிவிடுகிறது. எனவே உச்சிக் கோட்டின் இடம் ஆக்சிஜனின் அளவையும், இந்தக் கோடுகளின் உயரம் அந்த ஆக்சிஜன் எவ்வளவு ஒழுங்கற்றுக் கிடக்கிறது என்பதையும் சொல்கின்றன. தராசுக்கு என்றும் எட்டாத செய்தி இது.

ராமன் கோடுகள் உண்மையிலேயே ஆக்சிஜனுடையவைதானா என்பதை ஐசோடோப்பு மாற்றம் உறுதிசெய்தது. நிறை எண் 16 உள்ள ஆக்சிஜனுக்குப் பதில் 18-ஐ ஏற்றினால் ஆக்சிஜன் கோடுகள் சுமார் 6 விழுக்காடு கீழிறங்கும். பேரியம், காப்பர் கோடுகள் அசையா.

அதே காலத்தில் மற்ற நிறமாலைகளும் தத்தம் கோணத்தில் பேசின. காப்பரின் எக்ஸ் கதிர் உட்கவர்தல் விளிம்பு, ஆக்சிஜன் இழந்த சங்கிலியில் காப்பர் ஒற்றை இணைதிறனுக்கு இறங்குவதைக் காட்டியது. கார்ல்ஸ்ரூவேயில் நூக்கரும் ஃபிங்கும் உள்ளிட்ட குழு 1988-இல் எலக்ட்ரான் ஆற்றல் இழப்பு நிறமாலை கொண்டு, மின்சாரத்தைச் சுமக்கும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத நிலைகள்) காப்பரில் அல்ல, ஆக்சிஜனில் உள்ளன என்று காட்டியது. 528 எலக்ட்ரான் வோல்ட் அருகே உள்ள சிறு முகடு, ஆக்சிஜனை நீக்க நீக்கத் தேய்ந்து மறைந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாசிட்ரான் அழிவு முறையால் இதே சேர்மம் ஆராயப்பட்டது. பாசிட்ரான் நேர்மின் துகள் ஆதலால் எலக்ட்ரான் அடர்த்தி மாறும் இடங்களை அது நுட்பமாக உணரும்.

சீரியாவும் யுரேனியாவும்

வாகனங்களின் வினையூக்கியில் சீரியம் டைஆக்சைடு ஆக்சிஜன் சேமிப்புக் கிடங்காக வேலை செய்கிறது. புகையில் ஆக்சிஜன் குறைந்தால் கொடுக்கும், மிகுந்தால் வாங்கிக்கொள்ளும். இதன் ராமன் நிறமாலை எளிமையானது: 465 அருகே ஒரே ஒரு கூர்மையான கோடு. லாந்தனம், கடோலினியம் போன்ற மூவிணைதிறன் அயனிகளைச் சேர்த்து ஆக்சிஜன் காலியிடங்களை உண்டாக்கினால் 570 அருகே அகன்ற பட்டை எழும் என்பதை 1990-களின் முற்பகுதியில் மெக்பிரைடும் அவர் குழுவினரும் காட்டினர். இரண்டின் உயர விகிதம் இன்று வினையூக்கி ஆய்வில் அன்றாட அளவுகோல். ஆனால் லேசரின் நிறத்தை மாற்றினால் அதே மாதிரியில் விகிதமும் மாறும். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் புறஊதா லேசர் ஒரு விடை தரும், உள்ளே ஊடுருவும் பச்சை லேசர் வேறு விடை தரும். ஒரே லேசரில் அளந்தவற்றை மட்டுமே ஒப்பிடலாம்.

யுரேனியம் டைஆக்சைடின் நிலைமை தலைகீழ். அங்கே சிக்கல் கூடுதல் ஆக்சிஜன். காலியான இடைவெளிகளில் நுழையும் ஆக்சிஜன் தனித்தனியே இல்லாமல் கொத்தாகச் சேர்வதை இங்கிலாந்தின் ஹார்வெல்லில் வில்லிஸ் நியூட்ரான் விளிம்புவிலகல் கொண்டு 1960-களில் கண்டார். ராமனில் 445 அருகே உள்ள முதன்மைக் கோடு அகன்று தளர, 575, 630 பகுதிகளில் புதிய பட்டைகள் எழுகின்றன. எரிபொருள் உருண்டையின் வெப்பக் கடத்தல், ஆக்சிஜன் சற்று மிகுந்தாலும் சரிந்துவிடும் என்பதால் இந்த அளவீடு பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

531-இன் சர்ச்சை

எக்ஸ் கதிரால் எலக்ட்ரான்களை வெளியே தள்ளி அவற்றின் ஆற்றலை அளக்கும் முறையை உப்சாலாவில் காய் சீக்பான் வளர்த்தெடுத்தார். 1981-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஆக்சைடுகளில் ஆக்சிஜனின் உள் எலக்ட்ரான் 530 எலக்ட்ரான் வோல்ட் அருகே முதன்மை முகடாகத் தெரியும். பெரும்பாலும் 531 முதல் 532 வரை ஒரு தோள்பட்டையும் கூடவே தெரியும். எண்ணற்ற ஆய்வுக்கட்டுரைகள் இந்தத் தோள்பட்டையின் பரப்பை அளந்து ‘ஆக்சிஜன் காலியிடங்களின் அளவு’ என்று எழுதியுள்ளன. இது ஏற்கத்தக்க முடிவல்ல. காலியிடத்தில் ஆக்சிஜன் இல்லை. இல்லாத அணு தன் உள் எலக்ட்ரானை வெளியிட வழி இல்லை. அந்தத் தோள்பட்டை பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சில், நீர், கார்பனேட்டு ஆகியவற்றுடையது. காற்றில் திறந்து வைத்த தூளில் இவை இல்லாமல் இருக்க வாய்ப்பே குறைவு. காலியிடத்தின் அருகில் நீர் எளிதில் பிளந்து ஹைட்ராக்சிலாகும் என்பதால் மறைமுகத் தொடர்பு இருக்கலாம்; ஆனால் அது அளவீடாகாது.

அதே கருவியே சரியான வழியையும் காட்டுகிறது. உலோகத்தைப் பார்க்க வேண்டும். டைட்டானியம் மூவிணைதிறனுக்கு இறங்கினால் அதன் முகடு சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் கீழே தனியாகத் தெரியும். பட்டை இடைவெளிக்குள்ளும், ஃபெர்மி மட்டத்துக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட் அளவு கீழே, ஒரு சிறு நிலை எழும். இவை இரண்டும் இல்லாமல் தோள்பட்டை மட்டும் வளர்ந்தால், வளர்ந்தது ஈரம் என்று கொள்வதே பொருத்தம்.

துத்தநாக ஆக்சைடின் பச்சை ஒளியிலும் இத்தகைய நீண்ட பிணக்கு உண்டு. சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் அந்த ஒளியை 1969-இல் டிங்கிள் காப்பர் மாசோடு இணைத்தார். 1996-இல் வான்ஹூஸ்டனும் கூட்டாளிகளும் ஆக்சிஜன் காலியிடத்தோடு இணைத்தனர். இருவகை மையங்களும் ஒரே நிறப் பகுதியில் ஒளிரக்கூடும். காப்பரால் வரும் ஒளியில் நுண்ணிய அதிர்வுக் கோடுகள் குளிர்நிலையில் தெரியும் என்பதால், திரவ ஹீலியம் வெப்பநிலையில் அளக்காமல் இரண்டையும் பிரிப்பது கடினம்.

அணு அணுவாக

2004-இல் டேவிட் முல்லரும் ஹெரால்ட் ஹ்வாங்கும் உள்ளிட்ட குழு, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டு படலத்துக்குள் ஆக்சிஜன் குறைந்த அடுக்குகளை வேண்டுமென்றே வளர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவில் படமெடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் டைட்டானியத்தின் ஆற்றல் இழப்பு நிறமாலையைப் பதிந்து மூவிணைதிறன் எங்கே உள்ளது என்று வரைந்தது. ஒரு சில காலியிடங்கள் இருந்தாலே அறியும் அளவுக்கு முறை கூர்மையடைந்திருந்தது.

அதே ஆண்டில் ஓட்டோமோவும் ஹ்வாங்கும், மின்காப்பிகளான லாந்தனம் அலுமினேட்டும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டும் சந்திக்கும் எல்லை மின்சாரம் கடத்துவதை அறிவித்தனர். மின்சாரம் எல்லையின் மின்னூட்டச் சமநிலையால் வருகிறதா, அல்லது குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் வளர்த்ததால் அடித்தளம் இழந்த ஆக்சிஜனால் வருகிறதா? ஆக்சிஜன் இழந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டு நீல ஒளி வீசும் என்று 2005-இல் கியோட்டோ ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். 2007-இல் கலாபுகோவும் கூட்டாளிகளும் அந்த ஒளியையே சாட்சியாக்கினர்: குறைந்த அழுத்தத்தில் வளர்த்த மாதிரிகளின் அடித்தளத்தில் காலியிடங்கள் இருந்தன, அவற்றின் மிகுந்த கடத்தலுக்குக் காரணமும் அவையே. ஆயினும் வளர்த்தபின் ஆக்சிஜனில் வாட்டியெடுத்த மாதிரிகளும், மின்னூட்டத் தாங்கிகளின் எண்ணிக்கை குறைந்தாலும், தொடர்ந்து மின்சாரம் கடத்தின. அலுமினேட்டு மூன்று அலகுக்கூடு தடிமன் வரை இருந்தால் எல்லை மின்காப்பியாகவே இருந்து, நான்கில் கடத்தியாக மாறியது. இந்தத் திடீர் மாற்றத்தை அடித்தளக் காலியிடங்களால் மட்டும் விளக்க முடியவில்லை. அதன்பின் இத்தகைய படலங்களை வளர்த்து முடித்ததும் ஆக்சிஜனில் வாட்டுவது வழக்கமாகிவிட்டது.